பக்கம் வருகிறது, பொத்தான் வேலை செய்யவில்லை: வாசகர் கணினி கேள்வி–பதில்

பதில் சொல்பவர்: காரைக்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்

கேள்வி: எங்கள் வீடு கானாடுகாத்தானில். நாங்கள் இருப்பது கோவையில். வருடத்தில் பெரும்பாலான நாள் வீடு பூட்டியே கிடக்கும். அப்பச்சி வாங்கிவைத்த கணினியைப் பொங்கலுக்கு வந்தபோது போட்டோம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறது. அதை மீறித் திறந்த பக்கத்திலும் வீடியோ ஓடவில்லை, மேப் வரவில்லை. வைரஸா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வைரஸ் இல்லை ஆச்சி. திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 2012, 2015 என்று ஏதாவது பழைய வருடத்தில் நிற்கும்.

பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது அதிலேயே இருக்கும். 2020 செப்டம்பருக்குப் பின் கொடுத்த சான்றிதழ் எதற்கும் 398 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது. உங்கள் கணினி 2015-இல் நின்றுகொண்டு இன்றைய சான்றிதழைப் பார்த்தால், ‘இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே’ என்று தள்ளிவிடும். வீடியோவும் மேப்பும் பெரும்பாலும் வேறு சர்வர்களிலிருந்து வருபவை. அவற்றின் சான்றிதழையும் அது தனியாகத் தள்ளுகிறது. அதனால்தான் பக்கம் வந்தும் அந்த இடம் காலியாக இருக்கிறது.

தேதியைத் திருத்துங்கள். நேர மண்டலம் ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி’ என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உடனே எல்லாம் ஓடும். ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் போவீர்கள், அடுத்த முறை வந்தால் பழைய கதைதான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி. பிளக் சொருகி இருந்தால் அதற்கு வேலை அதிகம் இல்லை. பூட்டிய வீட்டில் மாதக்கணக்காக அது மட்டும்தான் சுமக்கிறது. நம் பக்கத்துப் பெரிய வீட்டுக் கணினி எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது அந்த பேட்டரியைத்தான். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் அது சி.ஆர். 2032. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழையதை எடுத்துக் கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள்.

அதுவரை, ‘பரவாயில்லை, தொடர்’ என்பதை அழுத்தி வங்கிப் பக்கத்துக்குள் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். உண்மையான எச்சரிக்கையும் அதே மாதிரிதான் வரும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பல்லவன் ரயிலில் சென்னைக்கு டிக்கெட் போட உட்கார்ந்தால் பக்கம் ஒழுங்காக வருகிறது. ஆனால் ஊர்ப் பெயரை எழுதினால் கீழே பட்டியல் விரிவதில்லை. தேதி கட்டத்தைத் தொட்டால் காலண்டர் வருவதில்லை. பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. பேத்தியின் செல்போனில் அதே தளம் நன்றாக ஓடுகிறது. தெரிந்தவர் ஒருவர் ஜாவா போடச் சொல்கிறார், இன்னொருவர் ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: இரண்டும் வேண்டாம் ஐயா. இந்தக் கோளாறுக்காக ஃபார்மட் செய்து, பேரப்பிள்ளைகளின் படங்களை இழந்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

எழுத்தும் படமும் வந்துவிட்டன. பட்டியலை விரிப்பது, காலண்டரைத் திறப்பது, பொத்தானுக்குப் பதில் சொல்வது எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற தனி நிரலின் வேலை. அது உங்கள் பிரவுசருக்குள் ஓடவேண்டும், ஓடவில்லை. இலை போட்டுப் பதார்த்தமும் வந்தாயிற்று, பரிமாற ஆள் வரவில்லை என்கிற நிலைமை. ஜாவா என்பது வேறு சமாச்சாரம். இணையப் பக்கத்துக்குள் ஜாவாவை ஓட்டுவதை குரோம் 2015-லேயே நிறுத்திவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017-இல். அதைப் போட்டு ஒரு பயனும் இல்லை.

செல்போனில் ஓடுகிறது என்பது நல்ல தகவல்; தளத்தின் மேல் குற்றம் இல்லை. குரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பாக இன்காக்னிட்டோ ஜன்னல் திறக்கும். அதில் டிக்கெட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டவைத்த துணை நிரல்கள், ஓடாது (நீங்களாக அனுமதித்திருந்தால் தவிர). தளங்கள் உங்கள் கணினியில் சேமித்துவைக்கும் குறிப்புகளான பழைய குக்கிகளும் இருக்காது. அதனால் அங்கே காலண்டர் விரிந்தால் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்று.

முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன்கள் மேல்தான். விளம்பரத்தைத் தடுப்பது, கூப்பன் தேடுவது, வீடியோ இறக்குவது என்று லீவுக்கு வந்த பிள்ளைகள் எதையாவது போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். மேலே மூன்று புள்ளி, அதில் எக்ஸ்டென்ஷன்ஸ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் பொத்தான் செத்துப்போகிறதோ அதை எடுத்துவிடுங்கள். விளம்பரத் தடுப்பானை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன், அது நல்ல காவல். இந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும்.

எக்ஸ்டென்ஷன்மேல் தப்பில்லை என்றால், முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னக் குறியைத் தொட்டு, அந்தத் தளம் சேமித்துவைத்ததை மட்டும் அழியுங்கள். எல்லாத் தளத்தின் குக்கியையும் துடைத்தால் ஒவ்வொன்றிலும் மறுபடி கடவுச்சொல் கேட்கும், அந்த அவதி உங்களுக்கு எதற்கு?

இன்காக்னிட்டோவிலும் ஓடவில்லையா? செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் அணைந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் விண்டோஸோடு வரும் எட்ஜில் திறந்து பாருங்கள். அதில் ஓடினால் குரோமில்தான் கோளாறு. அதிலும் ஓடாவிட்டால், பேத்தியின் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் ஓடினால் வீட்டு இணைப்பில் சிக்கல், அங்கேயும் ஓடாவிட்டால் ஆன்ட்டிவைரஸின் இணையக் காவலைச் சந்தேகிக்கலாம்.

நீங்கள் ஆசிரியர், எஃப் 12 அழுத்திக் ‘கன்சோல்’ என்ற பகுதியையும் ஒருமுறை பார்க்கலாம். சிவப்பில் வரும் வரிகளில் ‘பிளாக்டு பை கிளையன்ட்’ என்று இருந்தால், ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் மறித்திருக்கிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் அந்த வரிகளைப் படம் எடுத்து எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய புதிர் விளையாட்டுத் தளத்தை மகளுக்குக் காட்டலாம் என்று திறந்தால், விளையாட்டு வரும் இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் இருக்கிறது.
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: அது ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் அதன் பிளேயரே ஓட மறுக்கும். ‘ஃபிளாஷ் அப்டேட்’ என்று யார் நீட்டினாலும் அது போலி, தொடாதீர்கள். ரஃபிள் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. பழைய விளையாட்டுகள் பலவற்றை ஓட்டிக் காட்டும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் நிறைய சேர்த்துவைத்திருக்கிறார்கள். மகளோடு உட்கார்ந்து தேடுங்கள், கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: ரைஸ் மில் கணக்குக் கணினி விண்டோஸ் 7. பில் போடும் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடுகிறது. இப்போது பல இணையதளங்கள் வெள்ளையாக நிற்கின்றன. குரோமும் அப்டேட் ஆக மறுக்கிறது.
– வாசகர், புதுவயல்

பதில்: விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109-ஆம் பதிப்பு, 2023 ஜனவரியில். அதற்குப் பின் எழுதிய தளங்களில் புது மாதிரி ஜாவாஸ்கிரிப்ட் இருக்கும். புரியாத ஒரு வரி வந்தாலே பழைய பிரவுசர் அந்த நிரல் முழுவதையும் விட்டுவிடும், பக்கம் வெள்ளையாக நிற்கும். ஃபயர்பாக்ஸின் 115 நீள்-ஆதரவுப் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடும், தற்காலிகத்துக்கு அதைப் பாருங்கள். ஆனால் விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இலேயே முடிந்துவிட்டது. அதில் பில் மட்டும் போடுங்கள் அண்ணன். வங்கி, வரி எல்லாம் வேறு கணினியில். மில் பணம் புழங்கும் இடம், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கேள்வி: சமையல் குறிப்புத் தேடும்போது திடீரென்று திரை முழுக்க எச்சரிக்கை வந்து சைரன் அடித்தது. மவுஸ் எங்கே அழுத்தினாலும் நகரவில்லை. உடனே கூப்பிடச் சொல்லி ஒரு எண் இருந்தது. பயந்து ஸ்விட்சை அணைத்துவிட்டேன். கூப்பிட்டிருக்க வேண்டுமோ?
– வாசகி, கோட்டையூர்

பதில்: கூப்பிடாதது மிக நல்லது ஆச்சி. அது வெறும் இணையப் பக்கம், கணினிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முழுத்திரையாக விரிந்து, மவுஸ் குறியை மறைத்து, பயத்தில் உங்களைப் பேச வைப்பதுதான் அவர்கள் திட்டம். கூப்பிட்டால் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி ஒன்றைப் போடச் சொல்வார்கள், பிறகு வங்கிக் கணக்குக்குள் போய்விடுவார்கள்.

மறுபடி வந்தால் எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், டேபை மூடிவிடலாம். அடங்காவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லவேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.