ஃபஸ்க் (நீதிமன்றம் வழியான மண ரத்து) கேட்பது மார்க்க விரோதமா?

கேள்வி: வெளிநாடு சென்ற என் தங்கையின் கணவர், மூன்று ஆண்டுகளாக அவளுக்கும் குழந்தைக்கும் பணம் அனுப்பவில்லை, தலாக்கும் சொல்லவில்லை. மஹரை (கணவர் தரும் மணக்கொடையை) திருப்பிக் கொடுத்துக் குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) பெறுவதுதான் ஒரே வழி என்கிறது எங்கள் ஜமாஅத். கோர்ட்டுக்குப் போவது மார்க்கத்துக்கு விரோதம் என்று அம்மா அஞ்சுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தாயாரின் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது தீராமல் உங்கள் தங்கை வழக்குத் தொடுக்க முன்வர மாட்டார். கணவன் கைவிட்டாலும் மனைவி மணவிலக்குப் பெற ஹனஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) ஏறத்தாழ வழியே இல்லாதிருந்த காலத்தில், அந்தக் கட்டிலிருந்து விடுபடுவதற்காகவே பஞ்சாபில் சில பெண்கள் மதம் மாறினார்கள். இதைக் கண்டு கவலையுற்ற தேவ்பந்த் அறிஞர் மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி, மற்றொரு மத்ஹபான மாலிக்கியைச் சேர்ந்த மதீனா முஃப்திகளிடம் (மார்க்கத் தீர்ப்பு சொல்வோரிடம்) கருத்துக் கேட்டு, இத்தகைய நெருக்கடியில் மாலிக்கி மத்ஹபின்படி தீர்ப்பளிக்கலாம் என்று 1930களின் தொடக்கத்தில் எழுதினார். உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) ஆதரவோடு வந்த 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமணங்கள் ரத்துச் சட்டம் அந்த வாதத்தின் மீதுதான் நிற்கிறது. இச்சட்டத்தை மார்க்கத்துக்கு வெளியிலிருந்து வந்த தலையீடு என்று பேசுவோர் (படித்தவர்களிலும் பலர் உண்டு) இந்த வரலாற்றை அறியாதவர்களே.

அச்சட்டத்தின் 2ஆவது பிரிவின்படி, கணவர் இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமல் இருந்தாலே மனைவி நீதிமன்றத்தில் மண ரத்து, அதாவது ஃபஸ்க், கோரலாம். அதற்குக் கணவரின் சம்மதம் தேவையில்லை. மஹரையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஏனெனில் மண ரத்தினால் மஹர் உரிமை பாதிக்கப்படாது என்று 5ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஜமாஅத் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். அவர்கள் சொல்லும் குலாவும் ஓர் உரிமையே என்றாலும், தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது.

'அவளே சேர்ந்து வாழ மறுத்தாள், அதனால்தான் பணம் அனுப்பவில்லை' என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். மனைவியின் நடத்தை எப்படியிருந்தாலும் ஈராண்டு பராமரிப்பின்மையே போதும் என்று யூசுஃப் ராவுத்தர் வழக்கில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்திருந்தாலும், எல்லா நீதிமன்றங்களும் அதை ஏற்கவில்லை. ஆகவே கணவருக்கு உங்கள் தங்கை அனுப்பிய செய்திகள், வங்கிக் கணக்கு விவரம், ஜமாஅத்தில் கொடுத்த மனுவின் நகல் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

மண ரத்து வழக்கு முடியும்வரை காத்திராமல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்) 144ஆவது பிரிவில் அவருக்கும் குழந்தைக்கும் ஜீவனாம்ச மனுவை இப்போதே தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பிருந்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு முஸ்லிம் பெண்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதி செய்துள்ளது. இம்மனுவை உங்கள் தங்கை வசிக்கும் ஊரிலேயே போடலாம். மண ரத்து மனுவை நிக்காஹ் நடந்த இடத்துக்கான குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். நிக்காஹ் பதிவேட்டின் சான்றிட்ட நகலை ஜமாஅத்திடமிருந்து முதலில் வாங்கிவிடுங்கள்; வழக்குத் தொடுத்த பின் கேட்டால் தாமதிக்கக்கூடும்.