கியாரா என்றால் ஒளியா, இருளா?

பேத்திக்குக் கியாரா என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பெயர்ப் பட்டியலில் 'ஒளி' என்றும் இன்னொன்றில் 'கருமை' என்றும் போட்டிருக்கிறதே?

இரண்டும் சரிதான், ஏனென்றால் இவை இரண்டு பெயர்கள். இத்தாலியப் பெயர் (Chiara) 'க்ளாருஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தெளிவு, வெளிச்சம், புகழ் மூன்றும் அதற்குப் பொருள். அயர்லாந்திலும் இதைப் போலவே எழுதப்படும் ஒரு பெயர் (Ciara) உண்டு, எச் மட்டும் இருக்காது. அதை 'கீரா' என்பார்கள். கருமை, கருங்கூந்தல் என்று பொருள். நம் ஊரில் இரண்டையும் 'கே' போட்டு எழுதுவதால் பட்டியல்காரர்கள் குழம்பிவிடுகிறார்கள். பேத்திக்கு எந்தப் பொருள் என்பதைப் பெயர் வைத்தவர்களிடமே கேளுங்கள்.

சியாரா என்று சொல்லலாமா?

வேண்டாம். இத்தாலியில் சி-க்கும் ஐ-க்கும் நடுவில் எச் வந்தாலே 'க' ஒலிதான். பினோக்கியோவைப் பினோச்சியோ என்றா சொல்கிறோம்? கியா-ரா, இரண்டே அசை. கி-யா-ரா என்று இழுக்கவும் கூடாது.

கிளாராவுக்கும் கியாராவுக்கும் உறவு உண்டா?

ஒரே பெயர்தான். லத்தீனில் 'க்ள' என்று தொடங்கும் சொற்கள் இத்தாலியில் 'கிய' என்று இளகிவிட்டன. லத்தீன் 'க்ளாவிஸ்' இத்தாலியில் 'கியாவே' ஆனது. அதே சொல் போர்த்துகீசில் 'சாவே' ஆகி, கப்பலேறி வந்து நம் வீட்டுச் சாவியாக ஆணியில் தொங்குகிறது! ஆக, கிளாரா கியாரா ஆனதும் சாவி நம்மிடம் வந்ததும் ஒரே மாதிரி ஒலிமாற்றக் கதைகள்தான். பிரெஞ்சுக்காரர்கள் கிளாராவைக் 'க்ளேர்' ஆக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பெயர் இத்தாலியில் இவ்வளவு பரவியது எப்படி?

அசிசி நகரத்துப் புனித கிளாராவால். அவருடைய இத்தாலியப் பெயரே கியாராதான். 1212-இல் ஒரு குருத்தோலை ஞாயிறு இரவில் வீட்டைவிட்டு வெளியேறி, புனித பிரான்சிஸைப் பின்பற்றித் துறவியானவர். 1253-இல் இறந்தார், இரண்டே ஆண்டுகளில் புனிதர் பட்டம். நோயில் படுத்திருந்தபோது தொலைவில் நடந்த கிறிஸ்துமஸ் திருப்பலியைத் தன் அறையிலிருந்தே கண்டார் என்று ஒரு மரபுக் கதை. அதை வைத்து 1958-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலர் ஆக்கிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த நியமனம் இது!

பெயர் நாள் உண்டா?

உண்டு, அந்தப் பெயருடைய புனிதரின் திருநாள்தான் பெயர் நாள். கியாராவுக்கு ஆகஸ்ட் 11.

இத்தாலியர் காதில் இது பழங்காலப் பெயராகப் படுமா?

இல்லை, சர்வசாதாரணமாக வைக்கும் பெயர். நம் ஊர் 'நிலா' மாதிரி, பொருள் எல்லோருக்கும் உடனே விளங்கும். ஒன்று மட்டும்: அடுப்படியில் 'கியாரா' என்றால் முட்டையின் வெள்ளைக்கரு. கேக் செய்யும்போது அதைப் 'பனி போல' அடிக்கச் சொல்வார்கள். அந்தப் பெயர்க்காரப் பிள்ளைகளைப் பள்ளியில் கேலி செய்ய இது போதாதா?