முதல் நாள் தூண்டில் வேண்டாம்

கேள்வி: வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் ஒரு சிற்றாறு ஓடுகிறது. மேற்பகுதியில் குளிர்நீர் மீனான டிரவுட், அதுவும் காட்டு டிரவுட், இருப்பதாகச் சொல்கிறார்கள். வளர்த்து விடப்பட்ட மீன்களைக் குளத்தில் ஃபிளை (பூச்சிபோல் கட்டிய செயற்கை இரை) போட்டுப் பிடித்துப் பழக்கம், ஆற்றில் இறங்கியதில்லை. மீன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்கே தொடங்குவது?

பதில்: முதல் தடவை தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அது கையில் இருந்தால் கண் மடுவை விட்டு நகராது. ஒரு தெர்மாமீட்டரும் நீர்மேல் கூசும் ஒளியை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடியும் போதும்.

அதற்கு முந்தின மாலை வரைபடத்தைப் பாருங்கள். உயரக்கோடுகள் ஒட்டி நெருங்கும் இடத்தில் ஆறு கொட்டிக்கொண்டு போகும், வெகுவாக விலகும் இடத்தில் சோம்பிக் கிடக்கும். இடைப்பட்ட பகுதியில்தான் கல்லோட்டமும் (கற்கள்மேல் ஆழமின்றிச் சலசலத்து ஓடும் நீர்) மடுவும் மாறி மாறி வரும். உங்களுக்கு வேண்டியது அது. கிளையோடைகள் வந்து சேரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே அணை இருந்தால், ஆழத்திலிருந்து திறந்துவிடும் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் ஏறும், எச்சரிக்கை. கரை யாருடையது, உரிமம் வேண்டுமா, எந்த மாதங்களில் தடை என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

இனி தெர்மாமீட்டர். டிரவுட்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை சுகம். 20-ஐத் தொட்டால் நான் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன். நீர் சூடாக ஆக அதில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. மீனுக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அந்த நிலையில் போராடிக் களைத்த மீனை நீங்கள் பத்திரமாக நீரில் விட்டாலும், அது பிறகு செத்துப்போகலாம். காலை அளவு ஏமாற்றும். ஒருமுறை காலையில் 15 டிகிரி பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் மேலே நடந்தேன். மதியம் அதே ஆறு 21 காட்டியது. ஆகவே கோடையில், பிற்பகலில் அளந்து பாருங்கள். கிளையோடை கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் அளந்து பாருங்கள். கீழே இரண்டு டிகிரி குறைந்தால், வெயில் காலத்தில் மீன் ஒதுங்கும் இடம் அதுதான்.

அடுத்து, கல்லோட்டத்தில் நாலைந்து கற்களைப் புரட்டுங்கள். அடியில் டிரவுட்டுக்கு இரையாகும் இளம்பூச்சிகள் இருக்கும். இரட்டை வால் பூச்சி ஊர்ந்தால் அநேகமாக ஸ்டோன்ஃபிளை. குளிர்ந்த, சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரில்தான் அது செழிக்கும். பெரும்பாலும் மூன்று வாலோடு, வயிற்றோரம் செவுள் துடிப்பது மேஃபிளை. மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டிருப்பது கேடிஸ். மூன்றும் இருந்தால் மேலே நடக்கலாம். வெறும் புழுவும் அட்டையும்தான் என்றால் எங்கோ கழிவு கலக்கிறது என்று சந்தேகப்படுங்கள். எந்த ஃபிளை கட்டுவது என்பதற்கும் இதே கல் பதில் சொல்லும்: பார்த்த பூச்சியின் அளவும் நிறமும் பொருந்தினால் போதும். புரட்டிய கல்லை இருந்தபடி வைத்துவிடுங்கள்.

காட்டு மீனா, கொண்டுவந்து விட்டதா? காட்டு டிரவுட் என்றால் ஆற்றிலேயே பிறந்தது என்று பொருள். அந்த மண்ணுக்கே உரியது என்று பொருளல்ல. இங்கிலாந்திலிருந்து பழுப்பு டிரவுட் முட்டைகள் 1864-ல் டாஸ்மேனியாவுக்குக் கப்பலில் போயின. அங்கு ஆறுகளில் பிறந்து வளரும் அதன் வழிமீன்கள் இன்று காட்டு மீன்களே, ஆனால் வந்தேறிகள். உங்கள் ஆற்றில் கரையோர ஆழமற்ற நீரைப் பாருங்கள். விரல் நீளக் குஞ்சுகளும், பெரியவையும், நடுத்தரமும் கலந்திருந்தால் அங்கே முட்டையிடுகின்றன என்பது ஏறக்குறைய உறுதி. எல்லாம் ஒரே அளவாக, துடுப்புகள் தேய்ந்து கிடந்தால் பண்ணை மீன்.

இரண்டாம் தடவை தூண்டிலோடு போகலாம். குளத்துப் பழக்கத்தில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். குளத்தில் மீன் சுற்றி வரும். ஆற்றில் அது நின்ற இடத்தில் நிற்க, இரை மிதந்து வரும். வேக நீரும் மெதுநீரும் உரசும் விளிம்பு, பாறையின் முன்னும் பின்னும், நுரை கோடாகப் போகும் தடம் ஆகியவற்றில் தேடுங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், ஆகவே கீழிருந்து மேலாக அணுகுங்கள். வெளியுலகம் அதற்குத் தலைக்கு மேல் ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. தாழ்வாக இருப்பவை விளிம்பில் நசுங்கிவிடும். குனிந்து போனால் பாதி வேலை முடிந்தது. கொக்கு நடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேகம்.

எட்டடி நீள, நான்காம் எண் ராட் (தூண்டில் கம்பு; எண் அதற்கேற்ற நூலின் எடையைக் குறிக்கும்) சிற்றாற்றுக்குத் தாராளம். தூரமாக வீசாதீர்கள். நீளமாகக் கிடக்கும் நூலை ஓட்டம் இழுத்து ஃபிளையை நீர்மேல் கோடு கிழிக்க வைக்கும். அந்தக் கணமே மீனுக்குப் புரிந்துவிடும். முள்ளில்லாத கொக்கி போடுங்கள், மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள்.

பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும், ரெயின்போ டிரவுட் பெரும்பாலும் வசந்தத்திலும் முட்டையிடும். சரளைப் படுகையில் மட்டும் வெளிறித் துலக்கினாற்போல ஒரு திட்டு தெரிந்தால், அதில் கால் வைக்காதீர்கள். முட்டைகள் அடியில் இருக்கும். குளத்தில் போட்ட பூட்ஸையும் வலையையும் கழுவி, முழுக்கக் காயவிட்ட பிறகே ஆற்றுக்கு எடுத்துப்போங்கள். ஈரத்தோடு ஒட்டிவரும் நோயும் பாசியும் அங்கே குடியேறிவிட்டால் வெளியேற்ற வழியில்லை.