பதில்: பாடகர் குரல் கேட்கவில்லை, மானிட்டரை (பாடகரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றினால் ஹவுலிங் (ஊளைச் சத்தம்)

80 பேர் நிற்கும் கிளப், இரண்டு கிட்டார் உள்ள மெட்டல் பேண்ட் என்றீர்கள். மிக்சரை அப்புறம் பார்க்கலாம், முதலில் கிட்டார் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. தரையில் வைத்தால் சத்தம் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் போகும். தனக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார், முன்வரிசையில் நிற்பவர்களுக்குக் காது கிழியும். ஸ்டூல் மேல் வைத்து, அவர் காதைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். அவ்வளவு சின்ன கிளப்புக்கு டிரம்ஸில் கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மட்டும் மைக் போதும்.

குரல் மைக் எஸ்எம்58 மாடல் என்றால் மானிட்டர் அதன் நேர் பின்பக்கம் இருக்கட்டும், அங்கிருந்துதான் அது சத்தத்தை மிகக் குறைவாக வாங்கும். பீட்டா 58ஏ மாடல் என்றால் அது சரிவராது, நேர் பின்னாலிருந்தும் கொஞ்சம் வாங்கும். மைக்கின் முன்பக்கத்திலிருந்து 120 டிகிரி வாக்கில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். உறுமிப் பாடுபவர்கள் மைக்கின் தலையைக் கையால் பொத்துவார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்துளைகள் அடைபட்டு மைக் எல்லாத் திசையிலிருந்தும் வாங்கும், உடனே ஊளை. கை கைப்பிடியில்தான் இருக்க வேண்டும்.

கூட்டம் வருமுன் குரலுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழான ஒலியை வெட்டுவது) போட்டு, மானிட்டரை மெல்ல ஏற்றுங்கள். ஊளையிடும் அலைவரிசையை 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். மூன்று நான்கு இடத்துக்கு மேல் வெட்டினால் குரல் சப்பென்று ஆகிவிடும். பிஏ ஸ்பீக்கர்கள் (கூட்டத்துக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) மைக்குக்கு முன்னால்தானே நிற்கின்றன?