பென் டிரைவைக் கண்டும் காணாத சர்வர்

கேள்வி: ஹட்டனில் சின்னதாக ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறோம். பாடக் குறிப்பு, வீடியோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமென்று கொழும்பிலிருந்து பாவித்த சர்வர் மதர்போர்ட் ஒன்றை சியோன் பிராசசர், ரேமோடு வாங்கிப் பொருத்தினோம். உபுண்டு (லினக்ஸ் ஒப்பரேட்டிங் சிஸ்டம்) எழுதிய பென் டிரைவ் என் லெப்டொப்பில் அழகாக பூட் ஆகிறது. சர்வரில் குத்தினால், சரியான பூட் டிவைஸைத் தெரிவு செய்யச் சொல்லும் வரி மட்டும் கறுப்புத் திரையில் வந்து நிற்கிறது. விற்றவர் "போர்ட் நல்ல போர்ட், பென்தான் பழுது" என்கிறார். லெப்டொப்பில் வேலை செய்கிற பென் எப்படி சேர் பழுதாகும்?

பதில்: பென்னும் நல்லது, போர்டும் நல்லது என்றே நினைக்கிறேன். திரையில் அந்த வரி வருகிறதென்றால் பிராசசர், ரேம், வீடியோ எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம், அதனால் விற்றவரோடு சண்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: போர்டுக்குப் பென் டிரைவ் தெரியவே இல்லையா, தெரிந்தும் அதிலிருந்து ஏற (பூட் ஆக) மறுக்கிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு. போர்டை ஓன் செய்ததும் எஃப்11 தட்டுங்கள். சூப்பர்மைக்ரோ போர்ட், டெல், எச்பி சர்வர் பலவற்றில் பூட் மெனுவுக்கு அதுதான் விசை. ரேம் நிறைய இருக்கிற சர்வர் அதைச் சோதித்து முடிக்கவே சில நிமிடம் எடுக்கும், அதற்குள் "தூங்கிவிட்டது" என்று நினைத்து பவரை நிறுத்திவிடாதீர்கள்.

மெனுவில் பென்னின் பெயர் இல்லையா? நீல நிற யூஎஸ்பி 3 துளையை விட்டுவிட்டு, பின்பக்கம் போர்டோடு ஒட்டியிருக்கும் கறுப்பு யூஎஸ்பி 2 துளையில் குத்துங்கள். பழைய போர்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி 3க்குத் தனிச் சிப் வைத்திருப்பார்கள், ஒப்பரேட்டிங் சிஸ்டம் வந்து டிரைவர் போடும்வரை பயோஸுக்கு (போர்டைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளுக்கு) அது கண்ணில் படாது. கேஸின் முன்பக்கத் துளைகளையும் நம்பவேண்டாம், உள்ளே வயர் சரியாகச் செருகப்படாமல் இருப்பது சர்வசாதாரணம். அப்புறம் பயோஸில் லெகசி யூஎஸ்பி சப்போர்ட் (ஒப்பரேட்டிங் சிஸ்டம் வருமுன்னே யூஎஸ்பியைப் படிக்கும் வசதி) ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு கூத்து: சில பயோஸில் பென் டிரைவை ஹார்ட் டிஸ்க் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். பூட் ஓர்டரில் யூஎஸ்பி என்று தேடினால் கிடைக்காது, ஹார்ட் டிஸ்க் முன்னுரிமைப் பட்டியலைத் திறந்து பென்னை அங்கே முதலாவதாக ஏற்ற வேண்டும்.

பெயர் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை என்றால் (உங்கள் கதை இதுவாகத்தான் இருக்கும்) பூட் முறை ஒத்துப்போகவில்லை. உங்கள் லெப்டொப் யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகிறது, பழைய சர்வர் போர்டோ பெரும்பாலும் லெகசி என்ற பழைய பயோஸ் முறையில் வைத்தபடியே கைமாறி வரும். ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் (டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் விதத்தில்) யூஈஎஃப்ஐக்கு மட்டும் எழுதிய பென்னில் லெகசி பயோஸ் தேடுகிற தொடக்கக் கோட் இருக்காது. பேராதனையில் பதுளை ரயிலுக்கு நிற்கிறவர் முன்னால் மாத்தளை ரயில் வந்து நின்றால் அவர் ஏறமாட்டார்தானே, அதில் ரயிலையோ ஆளையோ பழுது சொல்ல முடியுமா?

ஆகவே பயோஸில் பூட் மோட் எதில் இருக்கிறது என்று பாருங்கள், 'டூயல்' (இரண்டு முறையும்) இருந்தால் அதையே வையுங்கள். பிறகு ரூஃபஸ் என்ற பென் எழுதும் மென்பொருளில் பென்னை மறுபடி எழுதுங்கள், இம்முறை பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் (பழைய முறை) என்று கொடுத்தால் உபுண்டு பென் இரண்டு முறையிலும் ஏறும். ஐஎஸ்ஓ கோப்பை (உபுண்டு முழுதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை) சும்மா பென்னுக்குள் கொப்பி பண்ணினால் எந்தப் போர்டும் பூட் ஆகாது, இதையும் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்களில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருக்கிறார்கள். டூயலில் அதே பென் மெனுவில் இரண்டு தடவை வரலாம், ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்றிருக்கும். போர்ட் இடம் கொடுத்தால் அதையே தெரிவு செய்யுங்கள். பென் எந்த முறையில் ஏறுகிறதோ அந்த முறையில்தான் உபுண்டுவும் டிஸ்கில் பதியும், நாளைக்கு 2 டீபிக்கு மேற்பட்ட டிஸ்கிலிருந்து பூட் செய்ய ஆசைப்பட்டால் லெகசி தொல்லை கொடுக்கலாம்.

உபுண்டு மெனு வந்து, அதற்குப் பிறகு திரை இருண்டால் அது பூட் கோளாறே இல்லை. சர்வர் போர்டில் இருக்கும் சின்ன வீடியோ சிப்போடு வருகிற தகராறு. மெனுவில் ஈ விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்துப் பாருங்கள்.

எதற்கும் மசியவில்லையென்றால் பென்னை மறந்துவிடலாம். போர்டில் தனியாக ஒரு நெட்வர்க் துளை இருந்து, ஐபிஎம்ஐ வசதியும் (சர்வரை நெட்வர்க் வழியாகத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி) இருந்தால், லெப்டொப்பிலிருந்தே ஐஎஸ்ஓவை சீடி மாதிரி காட்டி ஏற்றலாம். சில கம்பனிகள் இதற்குத் தனி லைசென்ஸ் கேட்கும். உள்ளே போனதும் பழைய பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாவித்த போர்டில் முந்தைய ஆளின் பாஸ்வேர்டோ கம்பனி போட்டதோ அப்படியே கிடக்கும்.

கேள்வி: விண்டோஸ் சர்வரைப் பென்னில் எழுதினேன். யூஈஎஃப்ஐ மெனுவில் பென் வருவதே இல்லை. லெகசியில் மட்டும் வருகிறது. ஏன்? – வாசகி, பண்டாரவளை

பதில்: என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு முறையில் எழுதியிருப்பீர்கள். யூஈஎஃப்ஐ கட்டாயம் படிக்க வேண்டியது ஃபாட் என்ற பழைய கோப்பு முறையை மட்டும்தான், அந்த ஃபாட்32லோ 4 ஜீபி அளவுள்ள ஒற்றைக் கோப்பு அடங்காது, விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பு அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸில் ஜிபிடி, யூஈஎஃப்ஐ என்று கொடுத்து எழுதுங்கள், பென்னின் ஓரத்தில் சின்ன ஃபாட் பகுதி ஒன்றை வைத்து அதுவே வழி பண்ணிக்கொள்ளும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததை பூட் ஆகவிடாத பாதுகாப்பு) தடுத்தால் பதிந்து முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் சர்வர் பூட் ஓர்டரை மறந்து, திகதியும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பயோஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: ஆகாது. போர்டிலுள்ள சிஆர்2032 பட்டரி தீர்ந்துவிட்டது, நாணயம் போல வட்டமாக இருக்கும் அதே 3 வோல்ட் பட்டரிதான், டவுனில் மணிக்கூடு திருத்துகிற கடையிலும் கிடைக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள், மாற்றியதும் பயோஸில் திகதியையும் பூட் மோடையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும். அப்டேட்டை யூபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள், அதுவும் பின்னேரத்து இடி மின்னல் நாட்களில். பாதியில் கரண்ட் போனால் இப்போது பூட் ஓர்டரை மறக்கிற போர்ட் அப்புறம் திரையில் ஒரு வரிகூடக் காட்டாது.