மருந்தியல் அடிப்படைகள்: செவிலிய மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், வலிநிவாரணியான மார்ஃபினை வாய்வழியாகக் கொடுக்கும்போது டோஸ் கூடுதலாகவும், ஐ.வி. (சிரைவழி) ஊசியாகப் போடும்போது குறைவாகவும் எழுதுகிறார்களே, ஏன்? (இரண்டாம் ஆண்டு மாணவி)

பதில்: விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும் உடலெங்கும் பரவிவிடுவதில்லை, முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது, மார்ஃபினின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடுகிறது. ஐ.வி. வழியில் இந்தச் சுங்கச்சாவடி கிடையாது. ஆகவே 10 மி.கி. ஐ.வி. மார்ஃபினுக்கு ஏறத்தாழ 30 மி.கி. வாய்வழி மார்ஃபின் ஈடாகக் கொள்ளப்படுகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். வாய்வழி மருந்தை ஊசிக்கு மாற்றி எழுதும்போது மில்லிகிராம் அளவு மாறாமலே இருந்தால், கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இதய மருந்தான டிகாக்சினின் அரை ஆயுள் ஒன்றரை முதல் இரண்டு நாள் என்று மனப்பாடம் செய்தோம். வார்டில் அதனால் என்ன பயன்?

பதில்: இரத்தத்தில் ஒரு மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரமே அரை ஆயுள். ஒரே அளவில் தொடர்ந்து கொடுக்கும் மருந்து நிலையான அளவை எட்டுவதற்கு நான்கைந்து அரை ஆயுள்கள் பிடிக்கும். டிகாக்சினுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரம். அவ்வளவு காத்திருக்க முடியாத நோயாளிக்குத்தான் லோடிங் டோஸ், அதாவது தொடக்கத்திலேயே கொடுக்கும் கூடுதல் அளவு. நிறுத்தினாலும் இதே கணக்குதான். சிறுநீரகம் பழுதுபட்டவரிடம் மருந்து இன்னும் நெடுநேரம் தங்கும். எனவே ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழு ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடும் என்பதால், சிறுநீரைப் பெருக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஃபியூரோசமைடும் சேர்த்து எடுப்பவரின் பொட்டாசியம் ரிப்போர்ட்டையும் பாருங்கள். வயதான நோயாளி இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறார் என்றால், அது வெறும் பசியின்மையாக இல்லாமல் நச்சுத்தன்மையின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

கேள்வி: ரைல்ஸ் டியூப் (மூக்கிலிருந்து இரைப்பைக்குச் செல்லும் குழாய்) வழியாக, அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இரைப்பை அமிலம் மருந்தைச் சிதைக்காமல் காப்பதே மேல்பூச்சின் வேலை. பொடித்தால் அந்தக் காப்பு போய்விடும். மாற்று வடிவம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: 40 யூனிட் இன்சுலின் குப்பிக்கு 100 யூனிட் சிரிஞ்சைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? (மூன்றாம் ஆண்டு மாணவர்)

பதில்: நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் ஆகிய இரு செறிவுகளிலும் இன்சுலின் புழங்குவதால் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. 20 யூனிட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.2 மி.லி.; 40 யூனிட் குப்பியிலிருந்து அவ்வளவு எடுத்தால் நோயாளிக்குச் சேர்வது 8 யூனிட்தான். இதைவிட ஆபத்தானது தலைகீழ்த் தவறு: 40 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.5 மி.லி. என்பதால், 100 யூனிட் குப்பியிலிருந்து எடுத்தால் 50 யூனிட் உள்ளே போய், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு என்பது உண்மைதான்; ஆனாலும் மூடியை நம்பாமல், குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் படித்து ஒப்பிடுங்கள். சார்ட்டில் ‘யூனிட்’ என்ற சொல்லை முழுமையாக எழுதுங்கள். அதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் எழுதினால், அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும்.

கேள்வி: மார்ஃபின் அதிகமாகி மூச்சு குறைந்தவர், அதன் முறிமருந்தான நலாக்சோன் போட்டதும் விழித்துப் பேசினார், ஒரு மணி நேரத்தில் மீண்டும் மயங்கினார். ஏன்?

பதில்: மார்ஃபின் ஒட்டிக்கொண்டு செயல்படும் ஓபியாய்டு ஏற்பிகளிலிருந்து நலாக்சோன் அதை விலக்குகிறதே தவிர, உடலை விட்டு வெளியேற்றுவதில்லை. ஐ.வி. நலாக்சோன் ஓரிரு நிமிடங்களில் வேலை செய்தாலும், அதன் பலன் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. மார்ஃபினோ பல மணி நேரம் நீடிக்கிறது. எனவே நோயாளி தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காக மானிட்டரைக் கழற்றிவிடாமல், சுவாச வீதத்தைத் தொடர்ந்து எண்ணிக் குறித்து வாருங்கள். நலாக்சோன் கொடுத்த நேரத்தை சார்ட்டில் எழுதுவதோடு, ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.