ஆலயம் கட்டக் கடன் தரும் நிதியம்: கேள்வியும் பதிலும்

அமெரிக்காவின் ‘மிசௌரி சினாடு’ என்ற லூத்தரன் சபைப் பிரிவைச் சேர்ந்த சபைகளுக்குக் கடன் வழங்கும் ‘லூத்தரன் சர்ச் எக்ஸ்டென்ஷன் ஃபண்ட்’ குறித்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இந்த நிதியத்துக்கு வரும் பணம் காணிக்கையா?

காணிக்கை அன்று, கடன். 1978இல் தொடங்கி செயின்ட் லூயிஸிலிருந்து இயங்கும் இந்த நிதியத்தில் விசுவாசிகளும் சபைகளும் வட்டிக்குப் பணம் போடுகிறார்கள். ஆலயம் கட்டவும் நிலம் வாங்கவும் பள்ளியை விரிவாக்கவும் அந்தப் பணமே சற்றுக் கூடுதலான வட்டிக்குக் கடனாகப் போகிறது. நிர்வாகச் செலவும் வாராக்கடனுக்கான ஒதுக்கீடும் இடையில் நிற்கும் அந்த வித்தியாசத்திலிருந்தே வரவேண்டும்.

கேள்வி: வங்கிகள் இருக்க, இது எதற்கு?

ஆலயத்தை ஜப்தி செய்தால் அதை விற்பது கடினம், ஊரில் பெயரும் கெடும் என்பதை எந்த வங்கியும் அறியும். மேலும், சபையின் வருமானம் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை. போதகர் மாறினாலோ சபைக்குள் பிணக்கு வந்தாலோ அது குறைந்துவிடக்கூடும். சொந்தச் சபைப் பிரிவுக்குள் மட்டும் கடன் கொடுக்கும் நிதியத்துக்கு அந்தச் சபையின் போக்கை அறிய வழியுண்டு. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் அது ஊழியமும் ஆகாது, கடனும் ஆகாது.

கேள்வி: தனிநபருக்கும் கடன் உண்டா?

பொதுவான விசுவாசிக்கு இல்லை. சினாடின் பட்டியலிலுள்ள போதகர், ஆசிரியர் போன்ற ஊழியர்களுக்கு வீட்டுக் கடன் உண்டு. ஆயுள் முழுதும் சபை கொடுத்த வீட்டில் குடியிருந்துவிட்டு, ஓய்வுபெறும் நாளில் சொந்தக் கூரையின்றி நிற்கும் போதகரின் நிலையை நினைத்தால், இதன் அருமை விளங்கும்.

கேள்வி: வட்டி வாங்குவதை வேதம் தடுக்கவில்லையா?

யாத்திராகமம் 22:25 சிறுமைப்பட்டவனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கிறது. கட்டடம் எழுப்பும் சபையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்பது என் கருத்து, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சபைக்காரர்கள் நடத்துவதால் பணம் பத்திரமாகத்தானே இருக்கும்?

இந்த எண்ணத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். வங்கி வைப்புக்கு 2,50,000 டாலர் வரை உள்ள அரசுக் காப்பீடு இத்தகைய முதலீட்டுக்குக் கிடையாது. லூத்தரன் நிதியத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொரு அமைப்பான ‘பாப்டிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் அரிசோனா’, நிலங்களில் முதலீடு செய்து, அவற்றின் மதிப்பு சரிந்தபின் நஷ்டத்தை வெளியே காட்டாமல், தன்னைச் சார்ந்த நிறுவனங்களுக்கே கூடுதல் விலைக்கு விற்றதாகக் கணக்கெழுதி, புதிதாக வந்த பணத்தைக் கொண்டு பழையவர்களுக்குக் கொடுத்துவந்து, 1999இல் திவாலானது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்கள் சிக்கினார்கள். அவர்களில் பலர் முதியோர். தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் பின்னர் 21.7 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எனவே நிதியம் தரும் விளக்க ஆவணத்தில் வாராக்கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, ஒரே சபைக்கு அளவுக்கு மீறிக் கடன் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபையார் இங்கே கடன் கேட்கலாமா?

இயலாது. பெந்தெகொஸ்தே பிரிவுகளில் ஒன்றான அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையாருக்குத் தனிக் கடன் நிதியம் இருக்கிறது.

கேள்வி: என் தாயார் தம் ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் போட விரும்புகிறார். தடுக்கலாமா?

தடுங்கள், ஐயா. தவணை முடியுமுன் பணத்தைக் கேட்டால் உடனே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மருத்துவச் செலவுக்கு வேண்டியதை வங்கியில் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பகுதியை மட்டும் போடச் சொல்லுங்கள்.